கருப்பட்டி மிட்டாயும் சம்பந்தி வீட்டுச் சீரும்

எங்கள் ஊர் திருச்சுழி. பெயரைச் சொன்னதும், "ரமண மகரிஷி பிறந்த ஊரா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், 1879-ஆம் வருஷம் அவர் பிறந்த வீடு திருமேனிநாதர் கோவிலுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. கோவிலுக்கும் புண்ணியத்துக்கும் குறைவில்லாத ஊர். தண்ணீருக்கும் தின்பண்டத்துக்கும்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. குண்டாறு என்று ஒரு ஆறு இருக்கிறது. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வெறும் மணல்தான். சுற்றிலும் கரிசல் காடு, வேலிக்கருவை. நல்ல பலகாரம் வாங்க வேண்டும் என்றால் அருப்புக்கோட்டைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

அருப்புக்கோட்டை என்றாலே எனக்குச் சின்ன வயசிலிருந்து கருப்பட்டி மிட்டாய்தான். எங்கள் அப்பா பருத்தி மூட்டையைப் போட்டுவிட்டு வருகிற அன்று, கையில் ஒரு பனை ஓலைக் கொட்டான் இருக்கும். பாகு கசிந்து அவர் துண்டெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். மிட்டாய் தீர்ந்த பிறகும் நாங்கள் விடமாட்டோம். கொட்டானைப் பிரித்து, ஓலையில் ஒட்டிய பாகை நாக்கால் வழித்து எடுப்போம். பருத்தி நல்ல விலைக்குப் போயிருந்தால் கொட்டான் பெரியதாக இருக்கும். விலை படுத்துவிட்டால் சின்னக் கொட்டான். ஆனால் கொட்டான் இல்லாமல் அப்பா வந்ததில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். கருப்பட்டி மிட்டாய் என்பது கடித்து உடைக்கிற கட்டி மிட்டாய் இல்லை. பார்க்க ஜிலேபி மாதிரி சுற்றுச் சுற்றாக இருக்கும். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் பிழிந்து, கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பது. சுக்கு மணக்கும். அதையே சீனிப் பாகில் போட்டால் சீனி மிட்டாய். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பண்டம் உண்டு. சாத்தூருக்குக் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா. பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கூடக் கொடுத்துவிட்டார்கள். பட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் எங்களுக்குக் கருப்பட்டி மிட்டாய்க்கு ஈடு எதுவும் கிடையாது.

அந்த மிட்டாயே போன வருஷம் என்னைப் பெரிய சங்கடத்தில் மாட்டிவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகளைக் கமுதிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். மசக்கையில் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. சோற்று வாசனையே ஆகவில்லை. "அம்மா, கருப்பட்டி மிட்டாய் மட்டும் சாப்பிடணும் போல இருக்கு" என்று போனில் சொன்னாள். பெற்ற வயிறு கேட்குமா? மறுநாளே அரை கிலோ வாங்கிக்கொண்டு போய் நின்றேன். அவளுக்கு ரத்தம் கம்மி என்று வேறு சொல்லியிருந்தார்கள். கருப்பட்டி சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று எங்கள் அப்பத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் நாலாம் மாதத்திலிருந்து, பத்து நாளைக்கு ஒரு தரம், கையில் கொட்டானோடு கமுதி பஸ்ஸில் ஏறிவிடுவேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில் எனக்கு அவ்வளவு நிறைவு.

ஆறாம் மாதம் முடிகிற சமயத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். 140-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். என் மகளுக்கு 168.

அங்கே இருந்த சிஸ்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "இது கர்ப்பகாலச் சக்கரை. பயப்பட வேண்டாம். ஆனா விளையாட்டா விடவும் கூடாது" என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்து அழுதேன். என் கையாலேயே அல்லவா கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன்!

இது ஒரு பக்கம் இருக்க, வளைகாப்புக்கு இன்னும் பன்னிரண்டே நாள் இருந்தது. எங்கள் பக்கம் ஏழாம் மாதத்தில் தாய்வீட்டார் போய்ச் சீர் வைத்து, வளையல் போட்டு, பிள்ளையைக் கூட்டி வருவது வழக்கம். ஏழு வகைக் கட்டுச்சோறு, ஏழு தட்டுப் பலகாரம். தட்டு குறைந்தால் ஊர் வாயை மூட முடியாது. சம்பந்தியம்மா அதிகம் பேசமாட்டார். முகம் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும். கல்யாணத்தின்போது ஒரு அண்டா சின்னதாகப் போய்விட்டது என்று அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. இந்த நிலைமையில், "பிள்ளைக்குச் சுகர், அதனால் இனிப்பு கொண்டு வரவில்லை" என்று எப்படிப் போய் நிற்பது? "நோயாளிப் பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டாக" என்று பேச்சு வருமோ என்று அது ஒரு பயம்.

என் கணவர்தான் ஒரு வழி சொன்னார். "அதான் கருப்பட்டி இருக்குல்ல? சீனிதானே ஆகாது. எல்லாத் தட்டுலயும் கருப்பட்டிப் பண்டமா வச்சிரு."

எனக்கும் அது சரியாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், சரியாகப் படவேண்டும் என்று ஆசைப்பட்டேன். சீரும் நிற்கும், பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டை போனேன்.

நான் வழக்கமாக வாங்குகிற கடை கடைத்தெருவுக்குள் இருக்கிறது. சின்னக் கடைதான். முன்னால் தட்டுகளில் சேவும் பக்கடாவும் கோபுரமாகக் குவிந்திருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் வெள்ளையாகச் சீனி மிட்டாய், ஒரு பக்கம் கறுத்து மினுமினுக்கும் கருப்பட்டி மிட்டாய். பின்கட்டில்தான் அடுப்பு. கடைக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். என் அப்பாவையும் தெரியும், என்னையும் தெரியும்.

"வாம்மா தங்கச்சி. மகளுக்கு எத்தனை மாசம்?" என்றார்.

"ஏழாவது நடக்கு அண்ணாச்சி. சீருக்குச் சொல்ல வந்தேன். கருப்பட்டி மிட்டாய் அஞ்சு கிலோ வேணும்" என்றேன்.

"அஞ்சு கிலோவா! அடுப்புல இப்பத்தான் ஓடுது. உள்ள வந்து பாரேன்" என்றார். இத்தனை வருஷமாக வாங்கியும் அந்தப் பின்கட்டுக்குள் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் போனேன்.

சரக்கு மாஸ்டர் ஒருவர் பெரிய வாணலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் நடுவே ஓட்டை போட்ட துணி. அதில் மாவை அள்ளி வைத்து, முனையைச் சேர்த்துப் பிடித்து, எண்ணெய்க்கு மேலே கையைச் சுழற்றுகிறார். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. மாவு விழுந்ததும் பொங்கி மேலே வருகிறது. திருப்பிப் போட்டு, வெந்ததும் எடுத்து, பக்கத்தில் உள்ள பாகு அண்டாவில் முக்குகிறார். கொஞ்ச நேரம் ஊறவிட்டு அள்ளித் தட்டில் வைக்கிறார். சுக்கு வாசனையில் எனக்கு அப்பா துண்டு ஞாபகம் வந்துவிட்டது.

பக்குவம் கேட்டேன். அண்ணாச்சி ஒளிக்காமல் சொன்னார். நாலு பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ஊறவைத்து நைசாக, கெட்டியாக அரைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் எண்ணெய் குடிக்கும், சுற்றும் நிற்காது. கருப்பட்டியைத் தட்டிக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் அடியில் கசடு இருக்கும், மண்ணும் இருக்கும். வடித்த பிறகு பாகு காய்ச்சிச் சுக்கும் ஏலமும் தட்டிப் போட வேண்டும். பாகு சூடாகவும் மிட்டாய் சூடாகவும் இருக்கும்போது முக்கினால்தான் உள்ளே இழுக்கும். "ஆறுன மிட்டாயை ஆறுன பாகுல போட்டா மேலதான் ஒட்டும். கடிச்சா உள்ள வெறும் மாவு" என்றார்.

எனக்கு என் தம்பி மகன் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான். தென்அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கே துறைமுகத்தில் இறங்கிய அன்று தெருவோரத்தில் ஒரு அம்மாள், பூசணியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மசித்துக் கோதுமை மாவோடு பிசைந்து, புளிக்கவைத்து, வளையம் வளையமாக எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாராம். அதன்மேல் கரும்பு வெல்லப் பாகை ஊற்றிக் கொடுத்தாராம். பிக்கரோனெஸ் என்று பேர். "அத்தை, ஒரு வாய் வச்சதும் நம்ம அருப்புக்கோட்டைக் கடை ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுக்கிச்சு" என்று சொன்னான். நாம் கடலை மிட்டாய்க்குப் போடுகிற நிலக்கடலையே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதானாம். கடல் தாண்டி எங்கே போனாலும் மாவைப் பொரித்துப் பாகில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தாய்மார் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். சிரித்துக்கொண்டே ஒரு சுற்று மிட்டாயை வாழை இலைக் கிழிசலில் வைத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டே, மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, கருப்பட்டி மிட்டாய் சுகர் உள்ளவங்க சாப்பிட்டா ஒண்ணும் செய்யாதுல்ல?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "யாருக்கும்மா?" என்றார். சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "எனக்குப் பதினோரு வருஷமா சுகர். யாவாரத்துக்குச் சொல்லணும்னா, கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுன்னு போர்டே எழுதி வைக்கலாம். அப்படி நெனச்சுக்கிட்டு நானே ஒரு வருஷம் தின்னேன் தங்கச்சி. கால்ல ஒரு புண்ணு வந்து ஆறாமக் கெடந்தப்பத்தான் புத்தி வந்துச்சு. கருப்பட்டி நல்ல பொருளுதான். ஆனா இனிக்குதுல்ல? அதுவும் சக்கரைதான். போதாததுக்கு அரிசி மாவு, எண்ணெய். சின்னப்பிள்ளைக்குக் கொடு, காட்டுல வேலை செய்யிறவுகளுக்குக் கொடு. உன் மகளுக்குக் கொடுக்காத."

தன் கடைப் பொருளைத் தானே வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் சிஸ்டரிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். கருப்பட்டியில் கொஞ்சம் இரும்பும் தாதுச் சத்துக்களும் உண்டு. ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். கர்ப்பிணிக்கு ரத்தம் ஊற இரும்பு மாத்திரையும் கீரையும் பயறும் முட்டையும் இருக்கின்றன. அதற்காக மிட்டாயை நம்ப வேண்டியதில்லை.

"அப்ப சீருக்கு என்ன செய்யட்டும் அண்ணாச்சி?" என்றேன்.

"வர்ற சனத்துக்கு ரெண்டு கிலோ போதும். மீதித் தட்டுல பழம், பயறு, அவல், பொரிகடலைன்னு வையி. ஏழு தட்டு எண்ணிக்கை சரியாத்தானே இருக்கும்? சம்பந்திகிட்ட மறைக்காமச் சொல்லு. மறைச்சா, நீ இந்தப் பக்கம் வந்ததும் அவுக அன்பா ஊட்டி விட்டுருவாக. அதுதான் ஆபத்து."

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் கௌரவத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அந்த வீட்டில் இருக்கிறாள். என்ன சாப்பிடலாம், எது ஆகாது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கர்ப்பிணிக்கு எல்லாரும் ஆசையாகக் கொடுப்பது இனிப்பைத்தானே!

வளைகாப்பு அன்று கமுதிக்குப் போனோம். தட்டுகளைக் கூடத்தில் வரிசையாக இறக்கினோம். கொட்டானில் கருப்பட்டி மிட்டாய் ஒரு தட்டுத்தான். மற்றதில் கொய்யா, மாதுளை, முளைகட்டிய பாசிப்பயறு, சுண்டல், அவல், பொரிகடலை. வந்திருந்த பெண்களில் ஒருத்தி, "என்ன, சீருக்கு வந்தாகளா, பொரிகடலைக் கடை போட வந்தாகளா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. முகம் சுருங்கிப் போயிற்று.

சம்பந்தியம்மாவை உள் அறைக்குக் கூப்பிட்டேன். கை நடுங்கியது. ரிப்போர்ட்டைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தான் மதினி மிட்டாயா வாங்கிக் கொடுத்துக் கெடுத்துட்டேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "எனக்கு இவன் மூத்தவன் இல்ல மதினி. உங்களுக்குத் தெரியாது" என்றார்.

அவருக்கு முதலில் ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. வீட்டில்தான் பிரசவம். நாலேகால் கிலோ. ராஜா மாதிரிப் பிள்ளை என்று ஊரே வந்து பார்த்ததாம். கஷ்டப்பட்டுத்தான் வெளியே வந்ததாம். பிறந்ததிலிருந்து பால் இழுக்கவில்லை, துவண்டு கிடந்தது, ரெண்டாம் நாள் போய்விட்டது. கண் பட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். "அதுக்கப்புறம் இவன் வயித்துல இருந்தப்போ மதுரை ஆஸ்பத்திரியில பார்த்துத்தான் எனக்குச் சக்கரைன்னு சொன்னாக. அந்தப் பிள்ளை எதுனால போச்சுன்னு இன்னைக்கு யாரு சொல்ல முடியும்? ஆனா நெனச்சுக்கிட்டே இருப்பேன்" என்றார்.

அந்த இறுகிய முகத்துக்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். யார் யாருக்கு ஆறுதல் சொன்னோம் என்று தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், கூடத்தில் எல்லார் முன்னாலும் சத்தமாகவே சொன்னார்: "எங்க மருமகளுக்கு டாக்டர் இனிப்பு வேண்டாம்னு சொல்லிருக்காக. யாரும் வாயில வைக்கக் கூடாது. சந்தனம் பூசுங்க, வளையல் போடுங்க, ஆசீர்வாதம் பண்ணுங்க. மிட்டாயை நீங்க சாப்பிடுங்க." பொரிகடலைக் கடை என்று சொன்ன பெண்மணியே முதலில் வந்து வளையல் போட்டாள். கொட்டான் ஒரு நாழிகையில் காலியாகிவிட்டது!

மகளைத் திருச்சுழிக்குக் கூட்டி வந்தேன். சிஸ்டர் சொன்னபடி சாப்பாட்டை மாற்றினோம். சகோதரிகளுக்குப் பயன்படும் என்று அதைச் சொல்கிறேன். ஆனால் அவரவர் உடம்புக்கு அவரவர் டாக்டர் சொல்வதுதான் சட்டம்.

மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிடுவதற்குப் பதில், அளவாக மூன்று வேளை, நடுவில் சுண்டலோ மோரோ மாதிரி சின்னதாக இரண்டு மூன்று தரம். பட்டினி போடவே கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. சோற்றைக் குறைத்து, காயும் கீரையும் பருப்பும் முட்டையும் கூட்டினோம். எங்கள் கரிசலில் விளைகிற குதிரைவாலியைச் சில நாள் சமைத்தேன். "சிறுதானியம்னா அளவில்லாமச் சாப்பிடலாம்னு நெனைக்காதீங்க. அதுவும் மாவுச்சத்துதான்" என்று சிஸ்டர் எச்சரித்தார். பழத்தைச் சாறு பிழியாமல் அப்படியே கொஞ்சமாகக் கடித்துச் சாப்பிட வேண்டும். சாயங்காலம் இருவரும் கோவில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்போம்.

என் மனசில் இருந்த குற்றத்தையும் சிஸ்டரிடம் கேட்டேன். "மிட்டாய் கொடுத்ததால மட்டும் வந்ததுன்னு நெனச்சு அழாதீங்கம்மா. கர்ப்பத்துல நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்குறது, உடம்புல இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. சிலருக்கு உடம்பு சமாளிச்சிரும், சிலருக்கு முடியாது. குடும்பத்துல சுகர் இருந்தாலும் வரும். மிட்டாய் அதைக் கூட்டும், அவ்வளவுதான். இப்ப நிறுத்திட்டீங்கள்ல, அதைப் பாருங்க" என்றார். இந்த ஒரே தடவை ரத்தம் எடுக்கிற சோதனையைக் கர்ப்பிணிகளுக்காகப் பரப்பியவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷய்யாதானாம். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றோடுதான் வரவேண்டும் என்று இல்லாததால், பஸ் பிடித்துத் தூரத்துக் கிராமத்திலிருந்து வருகிற பெண்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்த்தபோது 112. 120-க்குக் கீழே இருக்கிறது, ஊசி தேவையில்லை என்றார்கள். "ஊசி தேவைப்பட்டாலும் பயப்படக் கூடாதும்மா. இன்சுலின் போட்டா குழந்தைக்குக் கெடுதல்னு சிலர் ஓடிருவாங்க. போடாம விடுறதுதான் கெடுதல்" என்று சிஸ்டர் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அதே நாளில் அவர் என்னையும் விடவில்லை. "மகளுக்கு இருக்கு. நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா?" என்றார். நாற்பத்தாறு வயசாகிறது, ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்தால், வெறும் வயிற்றில் 118. இன்னும் சுகர் இல்லையாம், வாசல்படியில் நிற்கிறதாம். அதனால் மகளுக்குத் துணையாக ஆரம்பித்த நடை, இப்போது எனக்கே மருந்தாகிவிட்டது.

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆயிற்று. அரசு ஆஸ்பத்திரியில்தான். பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்து, உடனே பால் கொடுக்கச் சொன்னார்கள். சம்பந்தியம்மா பேத்தியைக் கையில் வாங்கி, "பால் இழுக்குதா? நல்லா இழுக்குதா?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு மட்டும்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் சோதனை. எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னால் அது நிரந்தரமாக வர வாய்ப்பு உண்டு. வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் அதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகமாம்.

குழந்தைக்கு மூன்றாம் மாதம் கமுதிக்குக் கொண்டு விடப் போகும் வழியில் மகள், "அம்மா, அந்த அண்ணாச்சியைப் பார்க்கணும்" என்றாள். கமுதிக்கு நேராகப் போகாமல் அருப்புக்கோட்டை சுற்றிக்கொண்டு போனோம். அண்ணாச்சி குழந்தையைப் பார்த்து, கல்லாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அதன் கையில் திணித்தார். மகளுக்கு ஒரே ஒரு மிட்டாயை இலையில் வைத்துக் கொடுத்து, "இதுக்கு மேல கேக்காத தாயி" என்றார். அவள் அதைப் பிட்டுப் பாதியை மெதுவாகச் சாப்பிட்டாள். மீதியை மடித்துப் பையில் வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"அத்தைக்கு" என்றாள்.

சகோதரிகளே, தாய்வீட்டுச் சீரில் பலகாரத்தின் எடையை யாரும் ரொம்ப நாள் ஞாபகம் வைத்திருப்பதில்லை. பிள்ளையின் உடம்பைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் வாய்விட்டுப் பேசுவதற்குத்தான் நமக்குத் தைரியம் வருவதில்லை. உங்கள் மகளோ மருமகளோ உண்டாகியிருந்தால், அந்தக் குளுக்கோஸ் சோதனை ஆயிற்றா என்று இன்றைக்கே கேளுங்கள். வந்த எண்ணை இரண்டு வீட்டாருக்கும் சொல்லுங்கள். கருப்பட்டி மிட்டாய் எங்கேயும் போய்விடாது. பிள்ளை பிறந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, எங்கள் பக்கம் வந்து ஆளுக்கு ஒன்று சாப்பிட்டுவிட்டுப் போங்கள்!